மராகேஷ் ரியாத் வீட்டில் சூட் அறைக்கு நேரடியாகப் பணம் அனுப்பிவிடாதீர்கள்

மொராக்கோவிலிருந்து திரும்பி மூன்று நாள்தான் ஆகிறது. 9,600 திர்ஹாமைப் பறிகொடுத்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

மராகேஷின் பழைய நகரமான மதீனாவில், நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த மரபு வீட்டை ரியாத் என்பார்கள். அப்படியொரு வீட்டின் மாடியிலுள்ள சொகுசு சூட் அறையை, எங்களுடைய இருபத்தைந்தாவது திருமண நாளுக்காக, தங்குமிட முன்பதிவுத் தளம் ஒன்றின் வழியே நான்கு இரவுகளுக்கு எடுத்திருந்தேன். செதுக்கு வேலைப்பாடுள்ள தேவதாரு மர விதானத்தையும், சுண்ணாம்புச் சாந்தைக் கல்லால் தேய்த்துக் கறுப்புச் சோப்பால் மெருகேற்றும் ததலாக்த் சுவர்களையும் படங்களில் பார்த்தே என் மனைவி மகிழ்ந்துபோனார்.

மறுநாளே வீட்டு நிர்வாகி வாட்ஸ்அப்பில் பேசினார். முற்றத்து ஆரஞ்சு மரத்தைக் காணொளியில் காட்டினார். சைவ உணவா என்று விசாரித்தார். சந்துக்குள் கார் வராது, பெட்டிகளுக்குக் கைவண்டிக்காரரை அனுப்புகிறேன் என்றார். இவ்வளவு அக்கறையாகக் கேட்பவர் ஏமாற்றமாட்டார் என்று மனைவியிடம் சொன்னவன் நான்தான். தளத்தில் ரத்து செய்துவிட்டு நேராக வங்கிக் கணக்கில் கட்டினால் பத்து சதவீதம் குறைப்பதாக அவர் சொன்னதும், 9,600 திர்ஹாமையும் ஒரே தவணையில் அனுப்பினேன்.

போய் இறங்கியபோது, சூட் அறையில் குழாய் வெடித்துவிட்டது என்று சொல்லி, கீழ்த்தளத்தில் சமையலறையை ஒட்டிய, ஈரம் பூத்த சுவர்களுடைய சிறு அறையைத் திறந்துவிட்டார்கள். ரியாத்தின் சன்னல்கள் பெரும்பாலும் முற்றத்தை நோக்கியே திறக்கும்; இந்த அறைக்கோ அதுவும் இல்லை. மறுநாள் காலை மொட்டை மாடியில் சிற்றுண்டி அருந்திக்கொண்டிருந்த ஒரு தம்பதி, தாங்கள் இரண்டு நாளாக அதே சூட் அறையில்தான் தங்கியிருப்பதாகவும், தளத்தில் முழு வாடகையும் கட்டியிருப்பதாகவும் சொன்னபோது என் கை நடுங்கியது.

நிர்வாகி "நாளைக்குச் சரியாகிவிடும்" என்றே நான்கு நாளையும் கடத்தினார். உரிமையாளர் பிரான்சில் இருக்கிறாராம். நீங்களே ரத்து செய்த பதிவுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்றது தளம். நீங்களாக அனுப்பிய பணம் என்றது வங்கி. கிளம்பும்போது நகர வரியை மட்டும் மறக்காமல் ரொக்கமாக வாங்கிக்கொண்டார்கள்.

தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். அறையின் பெயரை எழுத்தில் வாங்குங்கள். அறையைப் பார்க்காமல் பெட்டியை இறக்காதீர்கள். மராகேஷில் சுற்றுலாக் காவல் பிரிவு உண்டு. எனக்கு அது கடைசி நாளில்தான் தெரிந்தது, நீங்கள் முதல் நாளே போங்கள். 9,600 திர்ஹாம் கேட்டு இன்று காலையும் நிர்வாகியின் எண்ணை அழைத்தேன், எடுக்கவில்லை.