திருமலை விசா அலுவலகங்கள்: கொடுக்கிற காசுக்கு வேலை நடக்குதா?

திருகோணமலை நகரத்துக்குள் விசா எடுத்துத் தருவதாகப் பலகை போட்டிருக்கும் இடங்கள் நாலு வகை. மாணவர் விசா அலுவலகம், வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர், ‘பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) எடுத்துத் தாறம்’ என்கிற ஆலோசகர், கச்சேரிப் பக்கம் போட்டோக்கொப்பி மெசினோடு ஃபோர்மும் நிரப்பிக் கொடுக்கும் கொம்யூனிகேஷன் கடை. நாலிலும் தொங்குவது ஒரே விமானப் படமும் மேப்பிள் இலையும்தான். வருமானம் வரும் வழிதான் வேறு வேறு. அது தெரிந்தால், உங்களுக்கு எந்த விசாவைச் சிபாரிசு செய்யப்போகிறார்கள் என்பதைக் கதவைத் திறக்கும் முன்னமே சொல்லிவிடலாம். இங்கே எந்தக் கடையின் பெயரும் இல்லை. பெயர் ஆண்டுக்கு ஆண்டு மாறும், வேலை செய்கிற விதம் மாறாது.

மாணவர் விசா அலுவலகங்களில் பெரும்பாலும் ‘ஆலோசனை இலவசம்’. அது பொய்யில்லை. பிள்ளை சேர்ந்து முதலாமாண்டுக் கட்டணம் கட்டினதும் கல்லூரி முகவருக்குத் தரகு கொடுக்கும். ஆகவே அவர்கள் மேசையில் விரிக்கும் பட்டியலில் இருப்பவை தரகு கொடுக்கும் கல்லூரிகளே. விண்ணப்பம் அனுப்புவது, ஓஃபர் கடிதம் எடுப்பது, நிபந்தனைகளைத் தீர்ப்பது போன்றவற்றில் இவர்கள் கெட்டிக்காரர், குறை சொல்ல ஒன்றுமில்லை. பிழை வருவது ஆளைப் பார்க்காமல் வழியைக் காட்டும்போது. உயர்தரம் முடித்து பத்து வருடம் கடை நடத்திய 36 வயதுக்காரருக்கு ஒரு வருட டிப்ளோமாவைக் கட்டிக்கொடுத்தால், ‘இந்த வயதில் இந்தப் படிப்பு எதற்கு’ என்ற ஒரே கேள்வியில் ஃபைல் விழும்.

பிரித்தானியாவுக்கு ‘குடும்பத்தோட போகலாம்’ என்று இன்னும் சொல்பவர் இருந்தால் எழும்பி வந்துவிடுங்கள். 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் படிப்புகளுக்கு, ஆராய்ச்சிப் பட்டம் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, மாணவர் தன் மனைவி பிள்ளைகளைக் கூட்டிச்செல்ல முடியாது. கனடாவுக்கென்றால் இரண்டு கேள்வி போதும்: இந்தப் படிப்பு முடித்தால் வேலை அனுமதி கிடைக்குமா, மாகாணத்தின் அத்தாட்சிக் கடிதம் யார் எடுத்துத் தருவது? தனியார் தொழிற்கல்லூரிப் படிப்பு பலவற்றுக்கு முதலாவது கிடைக்காது. வாழ்க்கைச் செலவுக்குக் காட்டவேண்டிய தொகையும் 2025 செப்டெம்பர் 1 முதல் தனி ஆளுக்கு 22,895 கனடிய டொலர், படிப்புக் கட்டணமும் விமானச் செலவும் புறம்பு. எஸ்.டி.எஸ். என்ற விரைவுத் திட்டம் 2024 நவம்பர் 8இல் மூடப்பட்டது. அதைச் சொல்லி இன்னும் காசு வாங்கும் இடம் புதுப்பிக்காத கடை.

அடுத்தது பி.ஆர். ஆலோசகர். சனம் அதிகம் காசு இழப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். ‘ஃபைல் திறக்கக் காசு’ என்று முதல்நாளே கேட்பார்கள். திறனுள்ளவர்களைப் புள்ளி பார்த்து பி.ஆருக்கு அழைக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் புரோஃபைல் போடுவதற்குக் கனடிய அரசு ஒரு சதமும் எடுப்பதில்லை. அழைப்பு வந்து விண்ணப்பிக்கும்போதுதான் கட்டணம். அழைப்பு வருமா வராதா என்பதை வீட்டிலிருந்தே ஒரு பேனையோடு கணக்குப் பார்க்கலாம்.

திறன் தொழிலாளர் பிரிவில் 100க்கு 67 புள்ளி வேண்டும். திருகோணமலை வளாகத்தில் பட்டம் முடித்த 30 வயதுக்காரர் ஒருவரை எடுப்போம். வயதுக்கு 12. பட்டத்துக்கு 21. நாலு வருட அனுபவத்துக்கு 13. ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சையின் பொதுப் பிரிவில் கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு நாலிலும் 6.0 எடுத்தால் மொழிக்கு 16. கூட்டினால் 62, ஐந்து குறைகிறது. கனடாவில் சித்தப்பா, பெரியப்பா, மாமா, அத்தை யாராவது பிரஜையாகவோ நிரந்தரவதிவாளராகவோ இருந்தால் 5 கிடைத்து 67 ஆகிவிடும். சித்தப்பாவின் மகன் இருக்கிறார் என்றால் ஒன்றும் கிடையாது. ஒன்றுவிட்ட சகோதரர்கள் கணக்கில் இல்லை. உறவுக்காரரே இல்லாதவர் கேட்டலில் 8.0, மற்ற மூன்றிலும் 7.0 எடுத்தால் மொழிப்புள்ளி 24 ஆகி மொத்தம் 70. ஆலோசகருக்குக் கொடுக்கும் முதல் தவணையை ஒரு நல்ல ஆங்கில ஆசிரியருக்குக் கொடுத்தால் பலன் கூடுதல்.

67 என்பது வாசலுக்குள் விடுவதற்கு மட்டும். உள்ளே வேறொரு தரவரிசை இருக்கிறது, 1,200 புள்ளிக்கு. அண்மைய ஆண்டுகளில் பொது அழைப்புச் சுற்றுகளின் வெட்டுப்புள்ளி 500க்கு மேலேதான் நிற்கிறது. அங்கே கூடப்பிறந்த அண்ணன், அக்கா, தம்பி, தங்கை கனடாவில் இருந்தால் 15 புள்ளி, மாமா சித்தப்பாவுக்கு ஒன்றுமில்லை. முன்பு வேலைவாய்ப்புக் கடிதத்துக்குப் புள்ளி இருந்தது, 2025 மார்ச் 25இல் அதை எடுத்துவிட்டார்கள். ‘ஜொப் லெட்டர் வாங்கித் தாறம், புள்ளி ஏறும்’ என்று இப்போதும் விற்பவரிடம் இந்தத் திகதியைச் சொல்லிப் பாருங்கள். ‘அண்ணா ஸ்பொன்சர் பண்ணுவார்’ என்பதும் அப்படித்தான். வயதுவந்த சகோதரரை ஸ்பொன்சர் செய்ய மிகக் குறுகிய விதிவிலக்கு ஒன்றைத் தவிர வழியில்லை.

அனுபவக் கடிதம் இன்னொரு பள்ளம். இங்கே பல கடைகளிலும் கொம்பனிகளிலும் சம்பளம் கையில்தான். ‘இன்னார் எங்களிடம் வேலை செய்தார், நல்லவர்’ என்று இரண்டு வரி எழுதிய கடிதம் செல்லாது. பதவி, செய்த வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி, சம்பளம், தொடங்கிய முடிந்த திகதிகள், எல்லாம் வேண்டும். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கூற்று இருந்தால் அதுவே பெரிய சாட்சி.

கனடாவுக்குக் காசு வாங்கி ஆலோசனை சொல்ல அந்நாட்டுச் சட்டச் சங்கத்தில் பதிவுள்ள வழக்கறிஞர் அல்லது பராலீகல், கியூபெக் நொத்தாரிசு, ஆர்.சி.ஐ.சி. என்ற குடிவரவு ஆலோசகர் பதிவுள்ளவர் ஆகியோருக்கு மட்டுமே சட்டம் இடம் கொடுக்கிறது. பதிவு எண்ணைக் கேளுங்கள், ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் ‘கல்லூரி’ என்ற சபையின் பொதுப் பதிவேட்டில் கைபேசியிலேயே தேடலாம். ‘கனடாவில எங்கட ஆள் இருக்கிறார்’ என்ற பதில் வந்தால், அந்த ஆளின் பெயரும் கையெழுத்தும் ஐ.எம்.எம். 5476 பிரதிநிதிப் படிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் போடாமல் பின்னாலிருந்து ஃபைல் செய்பவர் பிழை விட்டால் பொறுப்பு உங்கள் தலையில். பொய்த்தகவல் என்று தீர்ந்தால் ஐந்து வருடத் தடை. முகவர் நிரப்பினார் என்பதெல்லாம் எடுபடாது. அவுஸ்திரேலியாவுக்கு, குடிவரவு முகவரின் பதிவெண்ணான மாரா எண் ஏழு இலக்கம். அந்நாட்டுக்கு வெளியே இருக்கும் முகவருக்கு அது கட்டாயமில்லை, ஆனாலும் இருப்பவரைத் தேடுவது நல்லது.

கலியாண ஸ்பொன்சரில் நம்மூருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. முதலில் எழுத்து (பதிவுத் திருமணம்), ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத் தாலிகட்டு. எழுத்து நடந்த அன்றே சட்டப்படி கலியாணம் முடிந்தது. அதற்குப் பிறகு எந்தப் படிவத்திலும் ‘திருமணமாகாதவர்’ என்று போடக்கூடாது. முக்கியமாக, பி.ஆர். கிடைத்துக் கனடா இறங்கும் நேரத்தில் எழுத்தை மறைத்தவர் பின்னர் அந்த மனைவியையோ கணவரையோ ஸ்பொன்சர் செய்வதைப் பொது விதி தடுக்கிறது. சில கடைகள் ‘சிங்கிள் என்று போடுங்கோ, கெதியா வரும்’ என்று சொல்லிக்கொடுப்பது இந்தக் குழியில் தள்ளத்தான். இரண்டு திகதியையும் எழுதி, ஏன் இடைவெளி என்று ஒரு பந்தி விளக்கம் வைத்தால் போதும். எழுத்துக்கு இருபது பேர்தான் வந்தார்கள் என்றாலும் அந்தப் படங்களையும் சேர்க்க வேண்டும். லண்டனுக்கென்றால் அங்கிருப்பவரின் வருமானம் ஆண்டுக்கு 29,000 பவுண், இங்கிருப்பவருக்கு ஏ1 என்ற ஆரம்பநிலை ஆங்கிலம், கொழும்பில் காசநோய்ப் பரிசோதனை. ஆங்கிலச் சோதனையைப் பிரித்தானிய விசாவுக்கு அங்கீகரித்த வகையில்தான் எடுக்க வேண்டும். சாதாரண ஐ.ஈ.எல்.டி.எஸ். தாளை வைத்துக்கொண்டு திரும்பவும் காசு கட்டியவர்கள் ஏராளம்.

வேலைவாய்ப்பு முகவர்களைப் பற்றி மதிப்பீடு சுருக்கம்: வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருந்தால் பேசலாம், இல்லாவிட்டால் தேத்தண்ணி கூடக் குடிக்க வேண்டாம். உரிமம் இருப்பது மட்டும் போதாது, அந்தக் குறிப்பிட்ட நாட்டுக்கு, அந்தக் குறிப்பிட்ட வேலைக்குப் பணியகம் அனுமதி கொடுத்ததா என்றும் 1989க்கு அழைத்துக் கேட்கலாம். டுபாய்க்கு ‘விசிட்டில போய் அங்க மாத்தலாம்’ என்பது வேலை விசா இல்லை. கொரியாவுக்குப் போவது மொழிப் பரீட்சையும் பணியகமும் மூலமாகத்தான், இடையில் எந்தத் தனியார் முகவருக்கும் இடமில்லை. பிரித்தானியப் பராமரிப்பாளர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பது 2025 ஜூலை 22இல் நின்றுவிட்டது. மற்றத் திறன் வேலைகளுக்குப் பொதுச் சம்பள எல்லை 41,700 பவுண். ஸ்பொன்சர் சான்றிதழ் வாங்கித் தரக் காசு கேட்டால் அது நேரடிக் களவு. அந்தச் செலவு முதலாளியுடையது, தொழிலாளியிடம் அறவிடவே முடியாது. படகு பற்றியும் ஒரு வரி: அவுஸ்திரேலியா 2013 செப்டெம்பரிலிருந்து படகுகளைத் திருப்பி அனுப்புகிறது. நம்ம கரையிலிருந்து அதற்குக் காசு சேர்ப்பவன் முகவரே இல்லை.

கொம்யூனிகேஷன் கடைதான் நாலுக்குள்ளும் காசுக்குத் தகுந்த இடம் என்பது எங்கள் தீர்ப்பு. ஸ்கான், தட்டச்சு, படம் அளவெடுப்பது, கொழும்புக்கு அப்பொயின்மன்ட் போடுவது எல்லாம் பக்கத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் முடியும். ஆனால் நீங்கள் சொல்லச்சொல்லத் தட்டுவது வேறு, ‘இந்தக் கேள்விக்கு இல்லை என்று போடுங்கோ’ என்று சொல்லித்தருவது வேறு. முன்பு எந்த நாடாவது விசா மறுத்ததா என்ற கேள்விக்குத்தான் அப்படிச் சொல்வார்கள். பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, அமெரிக்கா, நியூசிலாந்து தங்களுக்குள் தகவல் பரிமாறுகின்றன. மறுப்பை எழுதி விளக்கினால் தாண்டலாம், மறைத்தால் முடியாது.

இன்னொரு ஆபத்து மின்னஞ்சல். அவசரத்தில் கடைக்காரர் தன் மின்னஞ்சலிலேயே கணக்குத் திறந்துவிடுவார், கடவுச்சொல்லும் அவரிடம். கனடாவின் கைரேகைக் கடிதம் வந்தால் 30 நாளுக்குள் கொழும்பு போய்க் கொடுக்க வேண்டும், எக்ஸ்பிரஸ் என்ட்ரி அழைப்புக்கு 60 நாள். கடை பூட்டிக்கிடக்கும் கிழமையில் கடிதம் வந்தால் உங்களுக்குத் தெரியவே வராது. சொந்த மின்னஞ்சல், சொந்தத் தொலைபேசி எண், கடவுச்சொல் உங்கள் கொப்பியில். கொழும்பு நேரம் எடுக்கும்போது காலை எட்டு மணி எடுக்க வேண்டாம். இரவு பஸ் பிந்தினால் அந்த நாள் போச்சு, பத்தரைக்கு மேல் எடுங்கள்.

பத்திரங்களில் அடிக்கடி சறுக்குவது பெயர். பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு பெயர், பரீட்சைப் பெறுபேற்றில் தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப்பெயராக. மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது கடவுச்சீட்டின் கொப்பியையும் கொடுத்து அதே எழுத்துக்கூட்டலில் எழுதச் சொல்லுங்கள். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் முத்திரை கட்டாயம். வித்தியாசம் மிஞ்சினால் சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி. சம்பூர், மூதூர், குச்சவெளிப் பக்கம் இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் பத்திரம் இழந்து, பிந்திய பதிவோ உத்தேச வயதுச் சான்றிதழோ வைத்திருப்பவர்கள் பள்ளிக்கூட விடுகைப் பத்திரம், கிளினிக் அட்டை, கோயில் அல்லது தேவாலயப் பதிவு என்று பழைய திகதியுள்ள இரண்டாவது சான்றையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.

‘பாங்க் பலன்ஸ் காட்டித் தாறம்’ என்ற சேவைக்கு எங்கள் மதிப்பெண் பூச்சியம். வட்டிக்கு எடுத்த காசு ஒரு கிழமைக்குக் கணக்கில் படுத்து எழும்புவதை அதிகாரி முதல் பக்கத்திலேயே காண்பார். பிரித்தானிய மாணவர் விசாவுக்குத் தொடர்ச்சியாக 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு வங்கிக் கடிதத்தில் ஆறு மாதச் சராசரி கேட்பார்கள். காணி விற்ற காசென்றால் உறுதியின் கொப்பி, சீட்டு எடுத்ததென்றால் சீட்டுப் புத்தகம், நகை அடகென்றால் வங்கியின் பற்றுச்சீட்டு.

எந்த அலுவலகத்தில் கையெழுத்து வைத்தாலும் ஒப்பந்தத்தில் அரசாங்கக் கட்டணமும் அவர்கள் கூலியும் தனித்தனியே இருக்க வேண்டும், விசா மறுத்தால் எவ்வளவு காசு திரும்பும் என்பது எண்ணில் இருக்க வேண்டும். மூலக் கடவுச்சீட்டையும் மூலச் சான்றிதழையும் ஒருநாளும் விட்டுவிட்டு வராதீர்கள். காசு கேட்டுச் சண்டை வரும் நாளில் அதைத்தான் பிடித்துவைப்பார்கள். கனடா ஃபைலில் ஆலோசகரை மாற்ற வேண்டுமென்றால் அவர் சம்மதம் தேவையில்லை. அதே 5476 படிவத்தில் பிரதிநிதியை நீக்கும் பகுதியை நிரப்பிக் குடிவரவுத் திணைக்களத்தின் இணையப் படிவத்தில் ஏற்றினால் போதும், பிறகு கடிதங்கள் உங்களுக்கே வரும்.