டர்பன் வீட்டுக் கொல்லையில் தானாய் முளைக்கும் கீரைகள்: பல பருவப் பயன்பாட்டுக்குப் பின்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் குடியிருப்புகள் பக்கம் அக்டோபரில் நல்ல மழை இரண்டு விழுந்தால் போதும், சிமென்ட் விரிசலில்கூடக் கீரை தலைநீட்டும். விதைச் செலவில்லை. ஆனால் முளைப்பதெல்லாம் சட்டிக்கு ஆகாது.

முதலிடம் தண்டுக்கீரை இனத்துக்கே. இங்கே வீடுகளில் 'ஹெர்ப்ஸ்' என்றாலே அதுதான், ஜூலு மொழியில் இம்புயா. ஒரு சாண் வளர்ந்ததும், கீழே இரண்டு மூன்று கணு விட்டுக் கொழுந்தைக் கிள்ள வேண்டும். பக்கக்கிளை வெடித்து, மழை இருந்தால் இரண்டு வாரத்தில் மறுபறிப்புக்கு வரும். வேரோடு பிடுங்கினால் ஒரே வேளைக் கறியோடு கதை முடிந்தது. கதிர் விட்டதும் தண்டு நாராகும், இலை சிறுக்கும். அப்போது நாலைந்து செடியை மட்டும் முற்றவிட்டு, காய்ந்த கதிரைக் காகிதப் பையில் உதறி வைத்தால் அடுத்த பருவத்துக்கு ஆயிற்று. விதையை ஆழப் புதைத்தால் முளைக்காது. மேலாகத் தூவி மண்ணைக் கிளறினால் போதும். கணுவில் முள் இருந்தால் அது முள்ளுக்கீரை. அதையும் தின்னலாம், இளங்கொழுந்து வரைக்கும்தான்.

அரை கிலோ பறித்தாலும் வெந்தபின் இரண்டு பேருக்குத்தான் காணும். இதில் அளவு மிஞ்சினால் உடலுக்கு ஆகாத ஆக்சலேட்டும் நைட்ரேட்டும் உண்டு. கோழி எரு குவித்த இடத்திலும், வெயிலில் வாடிய செடியிலும் நைட்ரேட் ஏறும். கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு, சத்து போகிறதே என்று பார்க்காமல் அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அளவோடு நிறுத்துவது நல்லது. பிறகு எண்ணெயில் காய்ந்த மிளகாய், வெங்காயம், பூண்டு தாளித்துப் பிரட்டினால் பருப்புக்கும் சோற்றுக்கும் வேறு தொடுகறி வேண்டாம்.

அடுத்தது மணத்தக்காளி, இங்கே உம்சோபோ. பழத்தில் கறுத்து மெத்தென்றானதை மட்டும் தின்னலாம்; பச்சைக்காயில் சோலனைன் என்ற நஞ்சு இருக்கிறது, அப்படியே வாயில் போடக் கூடாது. ஜாமுக்கு ஒரு கிலோ பழத்துக்கு முக்கால் கிலோ சர்க்கரை, இரண்டு எலுமிச்சைச் சாறு. புளிப்பு குறைந்தால் இறுகாமல் பாகாகவே நிற்கும்.

ஆபத்து இங்கேதான். ஓடையோரப் புதர்களில் இங்க்பெர்ரி என்ற செஸ்ட்ரம் கறுப்பாய்க் காய்க்கும், அது நஞ்சு. மணத்தக்காளி இடுப்பளவுச் செடி, பூ வெள்ளை நட்சத்திரம். இங்க்பெர்ரி மரமாகவே வளரும், பூ மஞ்சள்பச்சைக் குழல். கீரைக்கு நடுவே ஊமத்தை நாற்றும் கலந்து முளைக்கும். இலையைக் கசக்கினால் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். கட்டாக அறுக்காமல் ஒவ்வொரு செடியாகக் கிள்ளச் சொல்வது இதனால்தான்.

பருப்புக்கீரை நடைபாதைக் கற்களுக்கிடையே படரும். தண்டை ஒடித்தால் பால் வந்தால் அது வேறு செடி, எறிந்துவிடுங்கள். வெந்த பருப்பில் கடைசி ஐந்து நிமிடம் போட்டால் போதும், அதிகம் வெந்தால் கொழகொழவென்றாகும். பிளாக்ஜாக் என்ற களையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: பூக்கும்முன் இளந்தளிரை இரண்டு நீரில் வேகவைத்தாலும் கசப்பு நிற்கும், விதை காற்சட்டையை விடாது. மற்றது கிடைக்காதபோது சரி.

முடக்கத்தான் என்று நினைத்து ஆற்றங்கரையில் பலர் பறிப்பது பெரும்பாலும் பெரிய பலூன் கொடி. அதன் காய் பெரிது, தண்டில் மயிர் அடர்த்தி. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி கட்டுப்படுத்த வேண்டிய 1பி பிரிவு அந்நியச் செடி அது. வீட்டில் வளர்க்கக் கூடாது.

இடம் பார்க்காமல் பறித்தால் மேலே சொன்னதெல்லாம் வீண். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமானபின் ஆற்றோரக் கீரையை நம்புவதற்கில்லை. ஈயம் கலந்த பெட்ரோல் 2006இல் நின்றாலும் பழைய நெடுஞ்சாலை ஓரத்து மண்ணில் ஈயம் தங்கியிருக்கும். வேலியோரச் செடிகள் காரணமில்லாமல் மொத்தமாக மஞ்சளித்திருந்தால் களைக்கொல்லி அடித்திருக்கலாம். அந்தப் பருவம் முழுக்க அந்தப் பக்கம் கை வைக்க வேண்டாம்.