ஃபுல் க்ரீமா, டோன்டு பாலா, தயிரா, நெய்யா: எங்கள் வீட்டுச் சண்டை

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் மாமாவுக்கு சுகரும் கொலஸ்ட்ராலும் அதிகம் என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் பால் பாக்கெட்டை வைத்துத் தினமும் பஞ்சாயத்து. "இந்தத் தண்ணிப் பால்ல தயிர் எப்படி உறையும்?" என்பது அத்தையின் கேள்வி. மாமா பயந்துபோய் பாலையே விட்டுவிட்டார், ஆனால் பருப்பு சாதத்தின் நடுவில் குழி பறித்து நெய் ஊற்றுவதை மட்டும் விடவில்லை.

சரி, கணக்குப் பார்ப்போம். டோன்டு பாலில் கொழுப்பு 3%, ஃபுல் க்ரீமில் 6%. ஒரு டம்ளர், அதாவது 200 மில்லியில், 6 கிராமா 12 கிராமா என்பதுதான் சண்டையே. அதில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு மூன்றில் இரண்டு பங்கு, ஆக 4 கிராம், 8 கிராம். மாமாவின் குழியில் விழும் 15 கிராம் நெய்யில் அது 9 கிராம்! 2000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நாள் வரம்பே ஏறக்குறைய 22 கிராம்தான்.

சுகருக்கு வந்தால் பாக்கெட் பஞ்சாயத்துக்கு வேலையே இல்லை, இரண்டிலும் பால் சர்க்கரை கிட்டத்தட்ட ஒன்றுதான். டீயில் போடும் சீனியை யாரும் எண்ணுவதில்லை, அது வேறு கதை.

எனக்குப் பிடித்த கட்சி தயிர். 2018இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ப்யூர் ஆய்வு, இந்தியா உட்பட 21 நாடுகளில் 1,36,384 பேரைச் சுமார் 9 ஆண்டுகள் கவனித்தது. பாலும் தயிரும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு இதய நோய், பக்கவாதம் குறைவாக இருந்தது, வெண்ணெய்க்கு அந்த நல்ல பெயர் கிடைக்கவில்லை. 2024இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ, வாரம் இரண்டு கப் தயிராவது சாப்பிட்டால் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு குறையலாம் என்று டப்பாவில் போட அனுமதித்தது, ஆதாரம் குறைவு என்பதையும் சேர்த்தே போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நியாயம்தான், இவையெல்லாம் கவனித்துப் பார்த்த ஆய்வுகள். தயிர் வாங்கவே வசதியுள்ளவர் மற்றதையும் நன்றாகச் சாப்பிட்டிருப்பார். அப்புறம், தட்டு நிறையச் சோற்றில் இரண்டு கரண்டி தயிர் விட்டுவிட்டு தயிர் சாப்பிட்டேன் என்று சொல்லக் கூடாது, சுகரை ஏற்றுவது அந்தச் சோறு.

கடைசியில் கொலஸ்ட்ரால் அதிகமுள்ள மாமாவுக்கு டோன்டு பால், எல்லோருக்கும் புளிக்காத தயிர், மத்தியானம் மோர் என்று முடிவானது. நெய்க்கரண்டியை எடுத்துவிட்டு டீஸ்பூன் போட்டிருக்கிறோம். மாமா இப்போது மூன்று தடவை விடுகிறார்.