சொரியாசிஸ்: களிம்பா, ஒளியா, மாத்திரையா, ஊசியா?

எந்த மருந்து சொரியாசிஸ் என்ற தோல் நோயின் படையைச் சீக்கிரம் மறைய வைக்கும் என்பதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். 1994-இல் வெளியான, ஃபின்லேவும் கானும் பிரிட்டனின் கார்டிஃபில் உருவாக்கிய டிஎல்க்யூஐ (DLQI) கேள்வித்தாள் வேறு விதமாகக் கேட்கும்: தோல் நோய் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது? பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30; கூடினால் பாதிப்பு அதிகம். கடந்த ஒரு வாரத்து அரிப்பு, கூச்சம், உடை, வேலை, தாம்பத்தியம் எல்லாம் கேட்டுவிட்டு, பத்தாவது கேள்வி சிகிச்சையையே பிடிக்கும்: அது வீட்டை அழுக்காக்கியதா, நேரத்தைத் தின்றதா? நான்கு வழிகளையும் இந்தப் பத்தாவது கேள்வியை வைத்துப் பார்த்தால் வரிசையே மாறிவிடுகிறது.

களிம்பு எளிது என்று தோன்றும். கணக்குப் போட்டால்தான் தெரியும். விரல் சேர்த்து ஒரு உள்ளங்கை அளவு என்பது உடம்பில் ஏறக்குறைய 1 சதவீதம். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடுவரை பிதுக்கிய களிம்பு அரை கிராம். அது இரண்டு கை அளவுக்குப் போதும். பத்துக் கை அளவு படை இருந்தால் ஒரு வேளைக்கு இரண்டரை கிராம், இரு வேளைக்கு 5 கிராம். 30 கிராம் டியூப் ஆறே நாளில் காலி! அதை ஒரு மாதத்துக்கு இழுப்பவர்கள் ‘மருந்து கேட்கவில்லை’ என்று சொல்வதில் வியப்பில்லை. பிசுபிசுப்பு, தலையணை உறையில் கறை, பூசிவிட்டு உடனே சட்டை போட முடியாத காலை நேரம், இவை வேறு. (வெட்பாலைத் தைலத்தின் ஊதாக் கறையும் இதே ரகம்தான்.) குளோபெட்டசால் போன்ற வீரிய ஸ்டீராய்டை முகத்திலும் தொடை இடுக்கிலும் பூசினால் தோல் மெலிந்து வரி விழும். மற்ற இடங்களிலும் வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது.

311 நானோமீட்டர் புற ஊதா ஒளிச் சிகிச்சையில் கறை இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை, கர்ப்பிணிக்கும் கொடுக்கலாம். ஒளியில் நிற்பது சில நிமிடம்தான்; போய் வருவதுதான் அரை நாள். வாரம் இரண்டு மூன்று முறை வீதம் 20, 30 அமர்வுகள். தினக்கூலிக்காரருக்கு அத்தனை அரை நாள் கூலி போகும். இடையில் ஒன்றிரண்டு வாரம் விட்டால் பழைய அளவிலேயே தொடரக் கூடாது, சுட்டுவிடும். குறைத்துத்தான் மறுபடி ஏற்ற வேண்டும். முடி மறைப்பதால் தலையில் உள்ள படைக்கு ஒளி எட்டாது. ‘படை போச்சு, ஆனா ஆளே கறுத்துட்டேன்’ என்ற குறையையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கூச்சம் பற்றிய கேள்வியில் அதற்கும் மதிப்பெண் விழும்.

பத்தாவது கேள்வியில் மெத்தோட்ரெக்சேட் நன்றாகத் தேறும்: வாரத்துக்கு ஒரே நாள் மாத்திரை. ஆபத்தும் அங்கேயேதான். 7.5 மில்லிகிராம் என்றால் 2.5 மில்லிகிராம் மாத்திரை மூன்று. அதைத் தினமும் போட்டுவிட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். வாய்ப்புண் வந்தால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். ‘ஞாயிறு மட்டும்’ என்று அட்டையிலேயே எழுதி வையுங்கள். பக்கவிளைவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் ஆசிட் வேறொரு நாளில். ரத்த அணு, கல்லீரல் பரிசோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது, மது கூடாது, கருத்தரிக்க நினைக்கும் பெண்ணுக்கு இது ஆகவே ஆகாது. மாத்திரை போட்ட மறுநாள் குமட்டலில் சுருண்டு கிடப்பவர்களும் உண்டு.

செக்குகினுமாப் போன்ற ஊசி வசதியில் எல்லாவற்றையும் மிஞ்சும். 300 மில்லிகிராம் வீதம் முதலில் வாராவாரம் ஐந்து முறை, பிறகு மாதம் ஒன்று. முதலில் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். இடிப்பது விலை.

எதைத் தேர்ந்தாலும், தொடங்கும் அன்றும் மூன்று மாதம் கழித்தும் கேள்வித்தாளை நிரப்புங்கள். மொத்தம் 4 புள்ளியாவது குறையாவிட்டால் வழியை மாற்றுவது பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். மற்றதெல்லாம் இறங்கி, பத்தாவது மட்டும் 2, 3-லேயே நின்றால் மருந்து வேலை செய்கிறது, அதைப் போடும் விதம்தான் ஒத்துவரவில்லை. இரவில் ஒரு வேளை மட்டும் பூசலாமா, களிம்புக்குப் பதில் ஜெல் கிடைக்குமா என்று கேளுங்கள்.