ட்ரயலுக்குப் பழக இரட்டை டேஷ் கெமரா: மலைப்பாதையில் எப்படி உழைக்கிறது?

ட்ரயலுக்கு, அதாவது சாரதி அனுமதிப்பத்திர ஓட்டப் பரீட்சைக்கு, பழகும் லேனர்ஸ் ஓட்டத்தைப் பதிவுசெய்து பார்க்க, வீதியையும் வண்டியின் உள்ளேயும் படம்பிடிக்கும், முன்கண்ணாடியில் ஒட்டும் இரட்டை டேஷ் கெமரா மலையக வீதிகளுக்கு வாங்கத்தக்க பொருள். ஒற்றைக் கெமரா போதாது. வீதி மட்டும் பதிவானால், பழகுபவர் சிக்னல் போடுமுன் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாரா என்பது தெரியாது. உட்கெமரா அவரின் முகத்தையும் ஸ்டியரிங்கில் உள்ள கைகளையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

ஹட்டன் - நுவரெலியா வீதியில் கஷ்டமே ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதுதான். வண்டி பின்னால் உருண்டிருந்தால் பதிவில் அந்த இடத்தை இரண்டு மூன்று தரம் போட்டுக் கேளுங்கள். ஹேண்ட் பிரேக்கை விடுமுன் இஞ்சின் சத்தம் சற்றுத் தாழ வேண்டும். தாழவில்லையென்றால் கிளச் இன்னும் பிடிக்கவில்லை. இதற்காகவே மைக்கை அணைக்கக் கூடாது.

பெரிய குறை, வண்டி குலுங்கினால் அப்போதைய பதிவை அழியாமல் பூட்டிவைக்கும் அதிர்வு உணரி. அதன் உணர்திறனைக் கூட்டி வைத்தால் குழிக்குக் குழி கோப்பு பூட்டப்படும். பூட்டிய கோப்பின் மேல் புதிய பதிவு ஏறாது, 32 ஜிபி கார்ட் சீக்கிரம் நிறைந்துவிடும். உணர்திறன் ஆகக் குறைந்த அளவில் இருந்தாலே போதும். மூடுபனி நாட்களில் கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்து படம் மங்கும். புறப்படுமுன் ஏசி காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள்.

உண்மையான ட்ரயலில் பரிசோதகரின் அனுமதி இல்லாமல் இதை இயக்க வேண்டாம்.