குளத்து மீனா, கடல் மீனா? வன்னிச் சமையலறைக்கு ஓர் ஒப்பீடு

வன்னியில் மீன் வாங்கப் போகும் குடும்பத்துக்கு, வேறு பல மாவட்டத்தார் அறியாத ஒரு தெரிவு உண்டு. கிழக்கே முல்லைத்தீவுக் கரையும் மேற்கே மன்னார், பூநகரிக் கரைகளும் கடல் மீனைத் தருகின்றன. இடையே இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு, பாவற்குளம், கட்டுக்கரைக்குளம் என்று பெரியவையும் ஊருக்கு ஊர் சிறியவையுமாக இருக்கும் குளங்கள் நன்னீர் மீனைத் தருகின்றன. ஆயினும் விருந்தாளி வரும் நாளில் குளத்து மீனை வாங்க நம்மிற் பலர் தயங்குகிறார்கள். சேற்று வாடை அடிக்கும், சதை உடையும், குழம்பில் சுவை ஏறாது என்பவை அவர்கள் சொல்லும் காரணங்கள். ஒட்டுசுட்டான் பக்கத்தில் வசிக்கும் எங்களுக்கு முத்தையன்கட்டுக் குளமும் முல்லைத்தீவுக் கடலும் எட்டும் தூரத்திலேயே இருப்பதால், இரண்டு வகை மீனும் எங்கள் அடுப்பில் மாறி மாறி ஏறுகின்றன. அந்தப் பழக்கத்தில் எனக்கு உறுதியாகப் பட்டது இதுதான்: குளத்து மீனைப் பற்றிய குறைகளிற் பெரும்பாலானவை, அதைக் கடல் மீனைப் போலவே கழுவி, கடல் மீனைப் போலவே காய்ச்சுவதால் வருபவை.

முதலில் புதுமையைப் பார்ப்போம், ஏனெனில் மற்ற எல்லாவற்றையும் விட அதுவே சுவையைத் தீர்மானிக்கிறது. சிலாவத்தையிலோ அளம்பிலிலோ இருப்பவர் வள்ளம் கரைக்கு வந்ததும் பாரையையும் விளைமீனையும் துள்ளத் துள்ள வாங்குகிறார். அவருக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. ஆனால் அதே மீன் பெட்டியில் ஏறி, மாங்குளம் வீதியாலோ பரந்தன் வீதியாலோ மோட்டார் சைக்கிளில் உள்ளூருக்கு வந்து, படலைக்குப் படலை நின்று விற்கப்படும்போது பல மணி நேரம் கடந்துவிடுகிறது. கடற்கரையே இல்லாத வவுனியா மாவட்டத்தின் உட்கிராமங்களுக்கு இந்தப் பயணம் இன்னும் நீளமானது. பெட்டியில் போதிய ஐஸ் இருந்தால் குறையில்லை. ஐஸ் கரைந்து, சித்திரை வைகாசி வெயிலில் மீன் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அதை வாங்காமல் விடுவதே நல்லது.

சூரை, கும்பளா, சூடை போன்ற மீன்களில் இந்த எச்சரிக்கை சுவைக்காக மட்டும் சொல்லப்படுவதன்று. இவற்றின் சதை சூட்டில் கிடக்கும்போது பக்டீரியாக்களின் செயலால் ஹிஸ்டமின் என்னும் பொருள் உருவாகிறது. நன்றாகக் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது அழிவதில்லை. உண்டவருக்கு நாக்கிலும் உதட்டிலும் எரிவு, முகம் சிவத்தல், உடலில் தடிப்பு, தலையிடி ஆகியவை வரக்கூடும். ஆகவே, பழுதான மீனை உறைப்புக் கூட்டிச் சமைத்துவிடலாம் என்ற எண்ணம் இந்த வகைகளில் ஆபத்தானது.

குளத்து மீன் இந்த ஒரு விடயத்தில் தெளிவாக முன்னிற்கிறது. விடியற்காலையில் வலையை இழுத்தவர்கள் கரைக்கு வந்து சிறிது நேரத்திலேயே அது சட்டிக்குப் போய்விடலாம். விராலோ காற்றையும் சுவாசிக்கக்கூடிய மீன் என்பதால், நீரை விட்டு வெளியே எடுத்த பின்னும் நெடுநேரம் உயிரோடு இருக்கும். அதை உயிரோடு வாங்கி வீட்டில் வெட்டுவது இன்றும் நடைமுறையில் உள்ளது. ஆயினும் ஜப்பான் மீன் எனப்படும் திலாப்பியா அப்படியன்று. செத்து, வெயிலில் சாக்கில் கிடந்த ஜப்பான் மீன் கடல் மீனைப் போலவே விரைவாகப் பழுதாகும். எதை வாங்கினாலும் கண் தெளிந்து மேடாக இருக்க வேண்டும், செவுள் சிவந்திருக்க வேண்டும், வயிறு தளர்ந்திருக்கக் கூடாது, விரலால் அழுத்திய இடம் மீண்டும் எழ வேண்டும்.

ஜப்பான் மீன் என்று நாம் சொல்லும் திலாப்பியா ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. இலங்கையின் நீர்நிலைகளில் அது 1952இல் விடப்பட்டது. இன்று வன்னிக் குளங்களில் வலையில் ஏறுவதிற் பெரும்பகுதி அதுவே. கட்லா, ரோகு ஆகிய இந்தியக் கெண்டைகளும் குஞ்சுகளாக விடப்பட்டு வளர்க்கப்படுகின்றன. விரால், கெளுத்தி, சிறு கெண்டைகள் ஆகியவையே நமது குளங்களின் பழைய குடிகள்.

இனி வாடை. கடல் மீனின் வாடையும் குளத்து மீனின் வாடையும் வெவ்வேறு காரணங்களால் வருபவை என்பதை அறிந்து கொண்டால் சமையல் முறை தானாகவே பிரிந்துவிடும். கடல் மீனின் சதையில் இயல்பாக உள்ள ஒரு பொருளை, மீன் செத்த பின் பக்டீரியாக்கள் சிதைக்கும்போதுதான் நாம் மீன்வாடை என்று சொல்லும் அந்தக் கடுமை உண்டாகிறது. அதாவது, அது நேரம் செல்லச் செல்லக் கூடும் வாடை; புதிய கடல் மீனில் அது ஏறக்குறைய இல்லை. குளத்து மீனின் சேற்று வாடையோ மீன் உயிரோடு இருக்கும்போதே அதன் உடலில் சேர்ந்துவிட்ட ஒன்று. நீரில் வாழும் நீலப்பச்சைப் பாசிகளும் மண்ணில் உள்ள சில பக்டீரியாக்களும் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. முதல் மழை விழுந்ததும் நிலத்திலிருந்து எழும் மண்மணத்துக்கும் அதுவே காரணம். மீன் அதைச் செவுள் வழியாக உள்வாங்கித் தோலிலும் கொழுப்பிலும் சேர்த்து வைக்கிறது. ஆகவே எவ்வளவு புதிய மீனாக இருந்தாலும், குளத்தின் நீர் வற்றிப் பாசி பிடித்திருக்கும் ஆவணி, புரட்டாதி மாதங்களில் வாடை கூடுதலாகவே இருக்கும்.

இந்த வாடைக்கு எதிரி புளிப்பு. அமிலம் ஜியோஸ்மினைச் சிதைத்துவிடுவதால், வெறும் தண்ணீரில் பத்து முறை கழுவுவதை விட, பழப்புளிக் கரைசலிலோ தேசிக்காய்ப் புளியிலோ உப்புச் சேர்த்து மீன் துண்டுகளை இருபது நிமிடம் ஊற விட்டு அந்த நீரை ஊற்றிவிடுவது பெரும் மாற்றத்தைத் தரும். அதற்கு முன் செய்ய வேண்டியவையும் உண்டு. ஜப்பான் மீனின் வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கருமையான சவ்வை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும்; முதுகெலும்பை ஒட்டி உறைந்திருக்கும் இரத்தத்தைப் பெருவிரல் நகத்தாலோ கத்தி முனையாலோ கீறி அகற்ற வேண்டும்; தலையைச் சேர்ப்பதானால் செவுளை மிச்சமின்றி எடுக்க வேண்டும். விராலின் வழுவழுப்புக்கு அடுப்புச் சாம்பலை விட நல்லது எதுவும் எனக்குத் தெரியாது: சாம்பலைப் பூசித் தேய்த்தால் வழுவழுப்பும் அகன்றுவிடும், மீனும் கையில் நிற்கும். வாடை மிகுந்த காலத்தில் தோலையே உரித்துவிடலாம். உயிரோடு வாங்கிய விராலை ஓரிரு நாள் நல்ல கிணற்று நீரில், நீரை மாற்றி மாற்றி விட்டு வைத்தால் சேர்ந்திருந்த வாடை தானாகவே குறையும்.

குழம்புக்கு வருவோம். கடல் மீன் குழம்பில் மீனின் சொந்தச் சுவையே தலைமை ஏற்க வேண்டும். சின்ன வெங்காயம், உள்ளி, வெந்தயம், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்து, புளிக் கரைசலும் வறுத்து இடித்த கறித்தூளும் இரண்டாம் பாலும் சேர்த்துக் கொதிக்க விட்டு, பச்சை வாடை போன பின்னரே மீனைப் போட வேண்டும். மீன் விழுந்த பிறகு அகப்பை போடாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றிவிடுவதும், தடித்த முதற்பாலைக் கடைசியில் விட்டு ஒரு கொதியில் இறக்குவதும் எல்லா வீட்டாரும் அறிந்தவை. பாரை, அறக்குளா, விளைமீன் போன்ற நல்ல மீனுக்குத் தூளை அள்ளிக் கொட்டுவது வீண் செலவு என்பேன்.

குளத்து மீன் குழம்பில் இதே அளவுகள் ஏமாற்றிவிடும். அதன் சதை மென்மையானது, சுவையும் அடக்கமானது. தேங்காய்ப்பால் மிகுந்தால் எல்லாம் சேர்ந்து சப்பென்று ஆகும். நான் பாலைப் பாதியாகக் குறைத்து, புளியை ஒரு பங்கு கூட்டி, உள்ளியும் மிளகும் நற்சீரகமும் அரைத்துச் சேர்ப்பேன். மாங்காய்க் காலத்தில் பழப்புளியைக் குறைத்து, புளிப்பு மாங்காய்த் துண்டுகளைத் தோலோடு போட்டால் குளத்து மீனுக்கு அதை விடப் பொருத்தமான துணை இல்லை. மிக முக்கியமானது, துண்டுகளை மஞ்சளும் உப்பும் பூசி, ஈரம் உலர்த்தி, தாச்சியில் இரு புறமும் இலேசாகப் பொரித்துவிட்டுப் பின்னர் கொதிக்கும் குழம்பில் இடுவது. மேற்புறம் இறுகுவதால் துண்டு உடைவதில்லை. பொரித்த மணமும் குழம்பில் இறங்குகிறது. குளத்து மீன் உடையும் என்று குறைப்படுபவர்கள் இந்த ஒரு படியைச் செய்து பார்த்தாலே போதும். கெட்டியான சதையுள்ள விராலுக்கு இந்தப் பொரிப்பும் கட்டாயமில்லை.

பொரியலில் என் வாக்கு குளத்து மீனுக்கே. கையளவு ஜப்பான் மீனை முழுதாக, இரு பக்கமும் ஆழமாகக் கீறி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, தேசிக்காய்ப் புளி ஆகியவற்றைக் கீறல்களுக்குள் அழுத்தித் தடவி, அரை மணி நேரம் வைத்துத் தேங்காயெண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்தால், சிவப்பரிசிப் புட்டுக்கும் ஒரு சம்பலுக்கும் பக்கத்தில் வேறு கறி தேவைப்படாது. எண்ணெய் நன்றாகச் சூடேறும் முன் போட்டால் தோல் தாச்சியில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் இறுகும் வரை புரட்டவே கூடாது. கடல் மீனில் ஓராவும் விளைமீனும் பொரியலுக்குச் சிறந்தவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவற்றை வாங்கும் பணத்துக்கு, பிள்ளைகள் நிறைந்த வீட்டில் எல்லோருக்கும் ஒவ்வொரு முழு மீன் வைப்பது கடினம்.

சொதியில் நிலைமை நேர்மாறானது. மஞ்சளும் பச்சை மிளகாயும் பாலும் தவிர மறைக்க எதுவும் இல்லாத அந்தக் கறியில், குளத்து மீனின் வாடை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் வெளியே வந்து நிற்கும். ஒட்டி, திரளி, விளைமீன் ஆகியவற்றில் ஒன்று புதிதாகக் கிடைக்கும் நாளில் மட்டும் சொதி வையுங்கள். கிடைக்காவிட்டால் அன்று மீன் இல்லாத சொதியே மேலானது. ஒடியற்கூழுக்கும் இது பொருந்தும். நண்டு, இறால், கணவாய், பலவகைச் சிறு மீன்கள் ஆகியவற்றின் உப்புச் சுவை ஒன்றாக இறங்குவதுதான் கூழ்; அதில் குளத்து மீனுக்கு இடமில்லை. தேங்காய்ப்பூவோடு உதிர்த்து வறுக்கும் வறைக்கும் கடலின் சுறாவே ஏற்றது.

முட்களைப் பற்றிச் சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் கேட்பதுண்டு. ஜப்பான் மீனிலும் விராலிலும் சதைக்குள் புதைந்த சிறு முட்கள் மிகக் குறைவு. நடு முள்ளை எடுத்துவிட்டால் பயமின்றி ஊட்டலாம். கட்லா, ரோகு ஆகியவற்றில் சதைக்குள் கவர்முட்கள் நிறைய உண்டு, ஆகையால் அவற்றைப் பெரியவர்களுக்கே வைக்க வேண்டும். சூடையின் முட்கள் எண்ணற்றவையாயினும், புளி விட்டு நெடுநேரம் அவித்தால் மெத்தென்று ஆகிவிடும்.

சத்தில் புரதம் ஏறக்குறைய சமம். நூறு கிராம் பச்சை மீனில் இரண்டிலும் 20 கிராம் அளவில் இருக்கும். ஒமேகா-3 கொழுப்பு வேண்டுமானால் சூடை, கும்பளா போன்ற கொழுப்புள்ள கடல் மீன்கள் ஜப்பான் மீனை வெகுதூரம் பின்னால் விடுகின்றன. அயோடினும் கடல் மீனிலேயே கூடுதல். ஆகவே குளத்து மீனை விரும்பிச் சமைக்கும் நானும், அதையே வாரம் முழுவதும் சமைக்கச் சொல்லமாட்டேன். இடையில் விலை குறைந்த சூடையாவது சட்டியில் விழ வேண்டும்.

தெரிவை எல்லா நாளும் நாமே செய்வதில்லை, காற்றும் செய்கிறது. சோளகக் காற்று வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரையான காலத்தில் மேற்குக் கரை கொந்தளிக்க, முல்லைத்தீவுப் பக்கம் கடல் அமைதியாக இருக்கும். அப்போது கிழக்கிலிருந்து நல்ல மீன் வரும். வாடைக் காற்றோடு மாரி தொடங்கியதும் நிலைமை மாறி, கிழக்குக் கடல் கொந்தளிக்கும். அதே மாரியில் குளங்களும் நிரம்பி, மீன் பரந்த நீருக்குள் கலைந்துவிடுவதால் அங்கும் பிடி குறையும். மார்கழியில் வன்னி வீடுகளில் கருவாட்டுக் குழம்பு அடிக்கடி வைக்கப்படுவது இதனால்தான். மழை ஓய்ந்து நீர் தெளிந்த மாசி, பங்குனி மாதங்களில் கிடைக்கும் குளத்து மீனே ஆண்டின் மிகச் சுவையான குளத்து மீன் என்பது என் துணிபு. அது வரை குளத்து மீனை உண்டு பாராதவர்கள் அந்த மாதங்களில் தொடங்கட்டும்.

மிஞ்சிய குழம்பில் இரண்டும் மீண்டும் பிரிகின்றன. கடல் மீன் குழம்பு, குறிப்பாகப் பால் குறைவாக விட்டு மண்சட்டியில் வைத்தது, மறுநாள் காலை புளியும் உறைப்பும் சதைக்குள் இறங்கி முதல் நாளை விடச் சுவைக்கும். இரவிலேயே ஒருமுறை நன்றாகக் கொதிக்க வைத்து, குளிர்சாதனப் பெட்டி இருந்தால் ஆறியதும் அதற்குள் வைத்துவிட வேண்டும். குளத்து மீன் குழம்பு அப்படி நிற்பதில்லை. மீண்டும் சூடாக்கும்போது சதை நூல் நூலாகப் பிரிந்து, அடங்கியிருந்த வாடையும் சற்றே தலைகாட்டும். ஆகையால் அதை அந்த வேளைக்கு அளவாகவே வைக்க வேண்டும். மீன் கூடுதலாக வந்துவிட்டால், மிச்சத் துண்டுகளை உப்பும் மஞ்சளும் பூசிப் பொரித்து எடுத்து வைத்து, மறுநாள் புதிதாகக் கூட்டிய குழம்பில் போட்டுக்கொள்ளலாம்.