பழைய ஒரு அங்குல வரைபடம்: ரங்கூன் பன்சொடான் தெருக் கடை

பழைய புத்தகக் கடையில் பர்மாவின் பெகு ஊர்ப் பக்கத்து வரைபடத்தின் கலர் நகல் வாங்கினேன். 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிவதற்கு முன் இந்திய சர்வே (நில அளவைத் துறை) அச்சிட்டது. ஒரு மைலுக்கு ஒரு அங்குலம். மாட்டுவண்டித் தடம்கூட விட்டுவிட்டு வரும் கோடாகத் தெரிகிறது. அப்பா குளித்த குளம் இப்போது வயல். தாளில் நீலமாக அப்படியே இருந்தது. தேடிப் போனேன். புல்லுக்கடியில் செங்கல் படி மூன்று! அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு குறை: தாளில் அடங்குவதற்காக நகலைச் சுருக்கியிருந்தார்கள். ஒரு மைலைக் காட்டும் அளவுக் கோடு முக்கால் அங்குலம்தான். மூன்று மைல் என்று நம்பி நான்கு மைல் நடந்தேன். ஸ்கேல் வைத்து அளந்து வாங்குங்கள். கடைக்காரர் மறுபடி சரியான அளவில் எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அடுத்து தாட்டோன் ஊர்ப் பக்கத்து வரைபடம் கேட்டிருக்கிறேன்.